புகலிடம் கேட்கும் பேராசிரியர்: அழைப்பதா, அங்கேயே வைத்துத் தாங்குவதா, வேறு நாட்டுக்கு வழிவிடுவதா?

இராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரி ஒன்றின் துறைத் தலைவருக்கு இப்படி ஒரு மெயில் வருவதாக வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் மியான்மரில் கடல் உயிரியல் கற்பித்தவர். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பணிப் புறக்கணிப்பில் சேர்ந்தார், வேலை போனது. இப்போது தாய்லாந்தில் ஒரு நண்பர் வீட்டில் இருக்கிறார். மெயிலில் மூன்று இணைப்புகள்: தன்விவரம், முனைவர் பட்டச் சான்று, பாஸ்போர்ட் நகல். "உங்கள் துறையில் எனக்கு ஓர் இடம் கிடைக்குமா?"

எல்லாரும் முதலில் திறப்பது தன்விவரத்தை. முதலில் திறக்க வேண்டியது பாஸ்போர்ட்டை. இந்திய விசாவுக்குப் பொதுவாக ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். இவருடைய பாஸ்போர்ட்டில் ஐந்து மாதம்தான் மிச்சம். புதுப்பிக்க வேண்டுமென்றால், எந்த அரசுக்குப் பயந்து ஓடினாரோ அதே அரசின் தூதரகத்தில் போய் நிற்க வேண்டும். சம்பளம், விடுதி, பாடவேளை எல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு. புகலிடம் தருவதில் கல்லூரிகள் சறுக்குவது பெரும்பாலும் பணத்தில் என்று நினைக்கிறோம். இந்தியாவில் சறுக்கல் காகிதத்தில்தான்: வருபவர் எந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு இங்கே இருப்பார்?

இந்தக் கரைக்கு அடைக்கலம் புதிதல்ல. பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்று ஊர்களையே அறிவித்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்துக் கற்களில் வரும் 'ஆசிரியம்' என்ற சொல்லுக்கும் அடைக்கலம் என்றுதான் பொருள், ஆசிரியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1983-க்குப் பிறகு தனுஷ்கோடியில் இறங்கியவர்களை மண்டபம் முகாம் வாங்கிக்கொண்டது. 2022 மார்ச்சிலிருந்து இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் வந்தவர்களும் அங்கேதான் போனார்கள். ஆனால் படகில் வந்தவருக்குச் சோறும் கூரையும் தருவது ஒரு வேலை. ஓர் ஆய்வாளருக்கு ஆய்வாளராகவே தொடர இடம் தருவது வேறு வேலை. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அதனால் ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ ஒரு பல்கலைக்கழகம் செய்வதை அப்படியே இங்கே இறக்கிவைக்க முடியாது.

முன்னால் இருப்பவை மூன்று வழிகள். நாலாவதாக ஒரு குறுக்குவழியும் உண்டு. அதை எடுக்க வேண்டாம் என்று கடைசியில் சொல்கிறோம்.

நேரில் அழைப்பது

மனசுக்கு நிறைவான வழி இதுதான். கணக்குப் போட்டால்தான் கனம் தெரியும். வெளிநாட்டவர் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய வேலைவாய்ப்பு விசா வேண்டும். அதற்குப் பொதுவான குறைந்தபட்சச் சம்பளத் தளம் ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய், மாதம் 1.35 லட்சத்துக்குச் சற்று மேல். ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களின் ஆசிரியர்களுக்குத் தளத்தைக் குறைத்திருக்கிறார்கள். கரையோரத்துத் தனியார் கல்லூரிக்கு அந்தச் சலுகை கிடையாது. யு.ஜி.சி. ஊதியத்தில் சேரும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்த்தாலும் தளத்தை எட்டாது. தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டுமே அதை எட்டுவது பேராசிரியர் நிலையில், அதாவது 1,44,200-இல் தொடங்கும் படியில்தான். சுயநிதிக் கல்லூரியில் உடன் வேலை பார்க்கிறவர்கள் வாங்குவது இதில் ஒரு பங்குதான். ஒருவருக்கு மட்டும் இந்தத் தொகை என்றால் ஆசிரியர் அறையில் என்ன பேச்சு எழும் என்று சொல்லத் தேவையில்லை.

வெளியிலிருந்து பணம் வாங்கலாமே என்றால், வாங்கலாம். அமெரிக்காவின் ஐ.ஐ.இ. என்னும் சர்வதேசக் கல்வி நிறுவனம் 2002-இல் தொடங்கிய ஸ்காலர் ரெஸ்க்யூ ஃபண்ட் ஓர் ஆய்வாளருக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் வரை தருகிறது, மருத்துவக் காப்பீடு தனி. இன்னோர் ஆண்டு நீட்டிக்கவும் வாய்ப்புண்டு. ரூபாயில் இருபது லட்சத்துக்கு மேல் வருவதால், ஒப்பந்தத்தில் சம்பளமாகக் காட்டினால் விசாவின் தளம் தாண்டிவிடும். சிக்கல் எங்கே என்றால், அந்தப் பணம் ஆய்வாளர் கைக்கு நேரே போவதில்லை, ஏற்கும் கல்லூரி வழியாகப் போகும். கல்லூரியும் தன் பங்குக்கு ஈடாக ஏதாவது தர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். வீடு, அலுவலக அறை, ஆய்வகம் என்று பொருளாகவும் தரலாம்.

டிரஸ்ட் நடத்தும் கல்லூரி வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு மட்டும்தான். பதிவு இல்லாத டிரஸ்ட், "வரட்டும் பார்த்துக்கொள்வோம்" என்று சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் நல்லெண்ணம் வழக்காக முடியும். சட்டத்தால் உருவாகி, மத்தியத் தணிக்கைத் தலைவரின் தணிக்கைக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் விலக்குத்தானே என்று நாமே முடிவு கட்டக் கூடாது. தணிக்கை யாருடையது என்று பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தவறான கதவு 'பிராக்டிஸ் பேராசிரியர்' பதவி. யு.ஜி.சி. 2022-இல் கொண்டுவந்தது; பட்டம் கட்டாயமில்லை என்பதால் பொருந்தும்போலத் தெரியும். அது தொழில்துறை அனுபவக்காரர்களுக்கானது. ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் கிடையாது என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. வருகைதரு பேராசிரியர் என்ற பழைய பெயரே போதும். ஆனால் வழக்கமான நியமனத்துக்கு வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணை என்ற சான்று கேட்பார்கள். 2025 ஏப்ரலில் வந்த விதிமுறைகளுக்குப் பிறகு அதைத் தருவது யு.ஜி.சி. கௌரவ ஆய்வாளர் என்று அழைத்தால் இந்தப் படியைத் தள்ளிப்போடலாம்.

வந்த பிறகும் காகிதம் விடாது. வீட்டுக்காரரோ விடுதியோ 'சி ஃபார்ம்' என்று பேச்சில் சொல்லும் தகவலை 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் பதிவு. மாவட்டத்தில் அந்தப் பொறுப்பு காவல் கண்காணிப்பாளரிடம். நம் கரையில் வெளிநாட்டவர் என்றாலே காவல்துறையின் உளவு அணியான கியூ பிரிவும் கடலோரக் காவலும் ஒரு தடவை எட்டிப்பார்ப்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வருமுன் கல்லூரி தகவல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்காமல் விட்டால், ஏற்கெனவே போலீஸைக் கண்டாலே நடுங்குகிறவரின் வாசலில் காலையில் ஒரு ஜீப் நிற்கும்.

அந்தக் கடல் உயிரியலாளருக்கு வருவோம். மன்னார் வளைகுடாவும் 21 தீவுகளும் பக்கத்திலிருக்க, அவரை அழைத்து வந்து பாசி, கடல் அட்டை என்று வேலை கொடுக்கத் தோன்றும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி இந்தியக் குடிமகன் அல்லாதவர் இங்குள்ள உயிரினத்தை ஆய்வுக்கு எடுக்கச் சென்னையிலுள்ள தேசிய ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். தீவுப் பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா, எனவே வனத்துறை அனுமதி தனி. கடல் அட்டை 2001-இலிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தெரியாமல் ஒரு வாளியில் எடுத்து வந்தாலும் குற்றம்தான். பன்னிரண்டு மாத ஃபெலோஷிப்பில் பாதி இந்த அனுமதிகளுக்காகக் காத்திருப்பதிலேயே கரைந்துவிடலாம். கடற்கரையில் வைத்துக்கொண்டு கடலைத் தொட விடாத அழைப்பு அது. அவர் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் அந்தமான் கடல் தரவை எழுதி முடிக்க வைப்பது எவ்வளவோ மேல். அதற்கு அவர் இந்தக் கரைக்கு வர வேண்டும் என்பதுகூட இல்லை.

அழைப்பதில் இன்னொரு பாடம் பெங்களூரில் இருக்கிறது. 1933-இல் நாஜிகள் வேலையைப் பறித்த ஜெர்மன் இயற்பியலாளர் மாக்ஸ் பார்னை, இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த சி.வி. ராமன் அழைத்தார். பார்ன் 1935–36-இல் ஆறு மாதம் அங்கே இருந்தார். நிரந்தரப் பதவிக்கு ராமன் முயன்றபோது கழகத்துக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. ஆசிரியர் கூட்டத்தில் பார்னை முகத்துக்கு நேரே தாழ்த்திப் பேசினார்கள். 1936-இல் அவர் எடின்பரோவுக்குப் போய்விட்டார். 1954-இல் நோபல் பரிசு. ஆளைத் தேர்ந்ததில் ராமனிடம் பிழையில்லை. நிரந்தரப் பதவிக்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதலை முதலில் வாங்காமல் ஆளை முதலில் வரவழைத்ததுதான் கோளாறு. இன்றும் முதல்வர் ஒருவரின் உற்சாகத்தில் மட்டும் நடக்கும் அழைப்பு, அவர் மாறியதும் அறுந்துவிடும். சிண்டிகேட்டிலோ ஆட்சிக் குழுவிலோ தீர்மான எண் விழாமல் ஒரு மெயிலும் போகக் கூடாது.

இருந்த இடத்திலேயே தாங்குவது

தொலைவு ஃபெலோஷிப் என்பது 2021-இல் காபூல் விழுந்த பிறகும் 2022-இல் உக்ரைன் போருக்குப் பிறகும் பரவலான முறை. ஆய்வாளர் தாய்லாந்திலோ துருக்கியிலோ, சில நேரம் சொந்த ஊரிலேயே ஒளிந்தோ இருப்பார். கல்லூரி அவருக்கு ஒரு பெயரும் ஒரு மேசையும் இணையம் வழியே தரும். பார்க்கச் சின்னதாகத் தெரியும். வேலையை இழந்த ஆய்வாளர் முதலில் இழப்பது சம்பளத்தை, அடுத்த வாரமே நிறுவன மெயிலை. அந்த மெயில் போனால் ஆய்விதழ்கள் மூடிக்கொள்ளும், கட்டுரை மதிப்பீட்டாளர்களின் கடிதங்கள் காணாமல் போகும், நல்கை விண்ணப்பத்தில் 'நிறுவனம்' என்ற கட்டம் காலியாக நிற்கும். அந்தக் கட்டத்தை நிரப்புவது நம்மால் ஒரு வாரத்தில் முடியும்.

கொடுக்க வேண்டியவை: பன்னிரண்டு மாதத்துக்குக் கல்லூரி முகவரியில் மெயில், 'வருகைதரு ஆய்வாளர் (தொலைவு)' என்ற பெயரில் கடிதம், நூலக அணுகல், துறையில் ஒருவர் கூட்டாளியாக. நூலகத்தில் ஒரு கண்ணி உண்டு. அரசு நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. ஆனால் பதிப்பகங்களின் ஒப்பந்தம் யாரைப் பயனாளர் என்கிறது என்று நூலகர் பார்க்க வேண்டும். மதிப்புறு நியமனம் உள்ளவரைச் சேர்க்க முடியாத இடத்தில், கூட்டு ஆய்வு செய்யும் நம் ஆசிரியரே வேண்டிய கட்டுரைகளைத் தேடி, படித்து, விவாதிப்பது நடைமுறை. கடவுச்சொல்லைக் கடன் கொடுக்காதீர்கள். ஒருவருக்காக மொத்தக் கல்லூரியின் சந்தாவும் முடங்கும்.

பணம் அனுப்புவதுதான் இந்த வழியின் பலவீனம். வெளிநாட்டவருக்கு மதிப்பூதியம் அனுப்ப வரிப் பிடித்தம், ஆடிட்டரின் சான்று, வங்கியின் கேள்விகள். ஆப்கானிஸ்தான், மியான்மர் என்றால் வங்கியே தயங்கும். மாதம் பத்தாயிரம் ரூபாய் அனுப்ப மூன்று வாரம் அலைவதைவிட, பணத்தை வேறு அமைப்பிடம் விட்டுவிட்டுக் கல்லூரி பெயரை மட்டும் தரட்டும் என்பது எங்கள் கணிப்பு. இதைச் சொன்னால் கஞ்சத்தனம்போலத் தோன்றும். ஆனால் வராத பணத்துக்கு வாக்குக் கொடுப்பதைவிட இது கௌரவம்.

வகுப்பு எடுக்க வைக்கலாமா? முதுகலைக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வாரம் ஒரு மணி நேரம் எடுக்கலாம். 1933-இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகம் ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்டவர்களைச் சேர்த்தபோது, சில ஆண்டுக்குள் துருக்கி மொழியில் பாடம் நடத்த வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியது. அதுவரை மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார். நம் கரையோரக் கல்லூரியில் இளங்கலை வகுப்பு பாதித் தமிழில்தான் ஓடுகிறது. வெளிநாட்டவரின் ஆங்கிலத்தை இளங்கலை முதலாண்டு மாணவர் முன் நிறுத்தினால் இருபக்கமும் அவமானம். பெர்லினில் 2017-இல் தொடங்கிய ஆஃப்-யுனிவர்சிட்டி இதை வேறுவிதமாகச் செய்கிறது. 2016-இல் அமைதி கோரும் மனுவில் கையெழுத்திட்டதால் வேலை இழந்த துருக்கி ஆசிரியர்கள் இணையம் வழியே பாடம் நடத்த, ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடங்களோடு கைகோர்க்கின்றன. பத்து மாணவருக்கு ஒரு பருவத்துக்கான விருப்பப் பாடம் என்றால் நம்மாலும் முடியும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. புதிதாக யார் வந்தாலும் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, மாலைக்குள் பத்து வாட்ஸாப் குழுவில் போட்டு, மறுநாள் உள்ளூர்ப் பதிப்பில் செய்தி வர வைப்பது நம் கல்லூரிகளின் வழக்கம். ஆய்வாளரின் அம்மாவும் தம்பியும் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கலாம். அவர் எழுத்தில் சரி என்று சொல்லும்வரை பெயர், படம், ஊர் எதுவும் வெளியே போகக் கூடாது. கல்லூரி இணையதளத்தின் ஆசிரியர் பட்டியலிலும் கூட. இணையவழிக் கூட்டத்தில் திரையில் தெரியும் பெயரையும் அவரே தேர்ந்துகொள்ளட்டும். தேசியத் தரமதிப்பீட்டுக்கு 'சர்வதேசக் கூட்டாண்மை' என்று காட்ட இந்தப் படம் தேவைப்படும் என்று யாராவது சொன்னால், மறுத்துவிடுங்கள்.

வேறு நாட்டுக்கு வழிவிடுவது

கல்லூரிக்கு ஒரு காசு செலவில்லை, ஆனால் நேரம் நிறையப் போகும். எந்தக் கதவை யார் தட்ட முடியும் என்பதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். ஜெர்மனியில் ஹம்போல்ட் அறக்கட்டளை நடத்தும் பிலிப் ஷ்வார்ட்ஸ் திட்டத்துக்கு ஆய்வாளர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது; ஜெர்மன் நிறுவனம்தான் அவர் பெயரில் விண்ணப்பிக்கும். பிரான்ஸில் 2017-இல் காலேஜ் டி பிரான்ஸில் தொடங்கிய 'போஸ்' திட்டமும் அப்படித்தான். அங்கே செலவில் ஒரு பங்கு ஏற்கும் நிறுவனத்துடையது. அதனால் அறக்கட்டளைக்கு எழுதுவதில் பயனில்லை. அந்த நாட்டில் அதே துறையில் இருக்கும் ஒரு பேராசிரியரைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் வழி. ஜெர்மன் திட்டம் இரண்டு ஆண்டு காலம், அதற்கு முனைவர் பட்டம் தேவை. ஊரை விட்டு வந்து பல ஆண்டு கடந்தவருக்கு வாய்ப்புக் குறையும். காலம் ஓடும் என்பதை ஆய்வாளரிடம் மறைக்கக் கூடாது.

ஆபத்திலுள்ள கல்வியாளர்களுக்கு உதவும் பிரிட்டனின் காரா அமைப்பு 1933-இல் வில்லியம் பெவரிட்ஜ் முன்முயற்சியில் தொடங்கியது. அன்று அது காப்பாற்றியவர்களில் 16 பேர் பின்னால் நோபல் பரிசு பெற்றார்கள். ஆய்வாளரே நேரடியாக எழுதலாம்; காரா அவருக்காகப் பல்கலைக்கழகம் தேடும். ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க் 1999-இல் சிகாகோவில் தொடங்கி இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது; 500-க்கும் மேற்பட்ட உறுப்பு நிறுவனங்கள். அது சம்பளம் தராது, இடம் தேடித் தரும். சம்பளம் ஏற்கும் பல்கலைக்கழகத்துடையது. இந்த வேறுபாடு தெரியாமல் "அவர்களிடம் பதிந்துவிட்டேன், பணம் வரும்" என்று காத்திருந்து ஒரு வருடம் போக்கியவர்கள் உண்டு.

இந்த விண்ணப்பங்களில் நம் கல்லூரி கொடுக்கக்கூடிய விலையுயர்ந்த பொருள் பரிந்துரைக் கடிதம். "கடின உழைப்பாளி, நல்ல பண்பாளர்" என்று எழுதினால் குப்பைக்குப் போகும். மூன்று விஷயம் போதும்: எந்த ஆண்டில் எந்தக் கட்டுரை வழியாக அவர் வேலையை அறிந்தீர்கள், அந்த வேலை நின்றால் துறைக்கு என்ன இழப்பு, அடுத்த பன்னிரண்டு மாதத்தில் அவர் முடிக்கக்கூடிய ஒரே ஒரு பணி. ஆபத்தைப் பற்றி நீங்கள் எழுதாதீர்கள். கண்ணால் காணாததைச் சாட்சி சொன்னால் கடிதமே நம்பிக்கை இழக்கும். அதை அவரே எழுதட்டும், வாரண்ட், பணிநீக்க ஆணை, மிரட்டல் செய்தியின் படம் என்று ஆதாரத்தோடு. சான்றிதழ் எரிந்துபோனவருக்கு ஐரோப்பிய கவுன்சில் 2017-இல் தொடங்கிய அகதிகளுக்கான தகுதிப் பாஸ்போர்ட் இருக்கிறது: நேர்காணல் வைத்து, மிச்சமிருக்கும் தாள்களோடு ஒப்பிட்டு, படிப்பை மதிப்பிட்டுத் தருவார்கள். இழந்த சான்றை அவர் தப்பி வந்த நாட்டின் பல்கலைக்கழகத்திடமே கேட்டு எழுதுவது நல்லெண்ணத்தில் செய்யும் மிக மோசமான காரியம். அவர் எங்கே இருக்கிறார் என்பதை நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகும்.

முகாமில் இருப்பவர்

மேலே சொன்னதெல்லாம் பாஸ்போர்ட்டோடு வெளியே இருப்பவருக்கு. மண்டபத்தில் இருக்கும் இலங்கைத் தமிழ் விரிவுரையாளருக்கோ ஆசிரியருக்கோ கணக்கு தலைகீழ். விசா கேள்வி இல்லை, மொழிச் சிக்கல் இல்லை, நாளைக்கே இளங்கலை வகுப்பில் நிற்க முடியும். ஆனால் நியமிக்க முடியாது. அரசுப் பணிக்குக் குடியுரிமை கேட்பார்கள். 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை மட்டும்தான் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து காக்கிறது. 2022-இலிருந்து வந்தவர் அதற்குள் வரவில்லை. ஒரே முகாமில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு சட்ட நிலை. கல்லூரி முதலில் கேட்க வேண்டியது பட்டத்தை அல்ல, பதிவுத் தேதியை.

யாழ்ப்பாணத்தில் 1981-இல் சுமார் 97,000 நூல்கள் எரிந்ததையும், 1989-இல் உடற்கூறியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம தெருவில் சுடப்பட்டதையும், 2006-இல் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனதையும் அறிந்த இந்தக் கரைக்கு, அங்கே படிப்பாளி என்பதே ஓர் ஆபத்தாக இருந்த காலம் தெரியும். அப்படியிருந்தும் முகாமில் உள்ள படித்தவருக்கு நம் கல்லூரி நூலக அட்டைகூடக் கொடுத்ததில்லை என்றால் அது சட்டத்தின் குற்றமல்ல. வெளியார் உறுப்பினர் அட்டை, துறைக் கருத்தரங்கில் இருக்கை, கட்டுரைக்குக் கூட்டாசிரியர், முகாம் அதிகாரிகளின் எழுத்து அனுமதியோடு வாரம் ஒரு சிறப்புரை. இதற்கெல்லாம் நியமன ஆணை தேவையில்லை. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவருக்கு 1,000 ரூபாய் என்ற உதவித்தொகையில் வாழ்பவருக்குப் பேருந்துக் கட்டணத்தை முன்கூட்டியே கொடுப்பதும் புகலிடத்தின் ஒரு பகுதிதான். அதைக் கேட்டு வாங்க விடாதீர்கள்.

அந்தக் குறுக்குவழி

"பிஎச்.டி.யில் சேர்த்துக்கொள்வோம், மாணவர் விசா சுலபம்" என்பார்கள். பட்டம் முடித்தவரை மறுபடி மாணவராக்கினால் அவரால் சம்பளம் வாங்க முடியாது, தன் வயதில் பாதி உள்ளவர்களோடு பாடநெறித் தேர்வு எழுத வேண்டும், எந்தப் புகலிடத் திட்டத்துக்கு விண்ணப்பித்தாலும் "நீங்கள் மாணவர்தானே" என்று தள்ளுவார்கள். சுற்றுலா விசாவில் வரச்சொல்லி இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது இதைவிட மோசம். அப்படி மாற்றுவது வழக்கத்தில் நடப்பதில்லை, வகுப்பெடுத்தது தெரிந்தால் நாடு கடத்தல் வரை போகும்.

எங்கள் தேர்வு இப்படி: மெயில் வந்த வாரமே தொலைவு ஃபெலோஷிப் கடிதம். அது கையில் வந்ததும் காராவுக்கும் ஜெர்மன் கூட்டாளிக்கும் விண்ணப்பம். நேரில் அழைப்பது, எஃப்.சி.ஆர்.ஏ. இருக்கும் அல்லது எழுத்தில் விலக்கு உறுதியான நிறுவனத்துக்கு மட்டும், அதுவும் களஆய்வு தேவைப்படாத துறைக்கு: வரலாறு, கணிதம், மொழியியல், கணினி. மீன்வளமும் பாசியும் நம் கரையின் பலம் என்றாலும் அந்தத் துறைகளில்தான் அழைப்பு மிகக் கடினம் என்பது கொஞ்சம் கசப்பான விஷயம்.

கடிதத்தில் ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: ஆறாவது மாதம் இருவரும் உட்கார்ந்து அடுத்த இடத்தைப் பற்றிப் பேசுவது. பன்னிரண்டாவது மாதம் பேசத் தொடங்கினால் ஜெர்மன் திட்டத்தின் கடைசித் தேதியும் போயிருக்கும், நம் கல்லூரி மெயிலும் அடுத்த திங்கட்கிழமை நின்றுவிடும். மெயிலை மூடும் வேலை பெரும்பாலும் கணினிப் பிரிவில் தானாக நடப்பது. அவர்களிடம் காலாவதித் தேதியை ஆறு மாதம் தள்ளி வைக்கச் சொல்லிவிடுங்கள்.